ரொம்ப நாள் கிடந்த பழைய செயின்சாவ திரும்ப ஓட வைக்கறது: எதை முதல்ல பாக்கணும்

நீங்க கேட்டது சுருக்கமா இது: அப்பா வச்சிருந்த 1970-கள் காலத்து செயின்சா, 50 சிசிக்கு கொஞ்சம் மேல, பாயிண்ட்ஸ் இக்னிஷன் (ரெண்டு உலோக முனை திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கற பழைய முறை), பல வருஷம் ஷெட்ல சும்மா கிடந்தது. புது பெட்ரோல் ஊத்தி இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, ஸ்லோல ஓடுது, ரேஸ் குடுத்தா நின்னுடுது, ஒரு தடவை ட்ரிக்கர விட்ட பிறகும் தானா எகிறி கத்துச்சு. பாதி சோக் போட்டு ஓட்டிக்கலாம்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். சரி பண்றது வொர்த்தா இல்ல ஸ்க்ராப்புக்கு போட்டுடலாமா?

வொர்த்துதான். ஆனா இப்போதைக்கு அத இழுக்கறத நிறுத்துங்க, இன்னைக்கே. ட்ரிக்கர விட்ட பிறகும் எகிறுதுனா எங்கயோ காத்து உள்ள போகுதுனு அர்த்தம், கார்புரேட்டர் வழியா வராத காத்து. டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்ல பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வர்ற ஆயில் பெட்ரோல்ல கலந்துதான் வருது, அதனால பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், அதே நேரம் காத்து ஜாஸ்தியா இருக்கறதால சூடும் ஏறும். ரெண்டும் சேர்ந்து வரும்போது பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர்ல உரச ஆரம்பிச்சு அலுமினியம் இழுவிக்கிட்டு போயி அப்படியே பிடிச்சுக்கும், ஃபுல் ரேஸ்ல இதுக்கு ரொம்ப நேரம் எல்லாம் தேவையில்ல, சில நிமிஷம் போதும். பாதி சோக் போட்டா அந்த ஓட்டைய அடைச்ச மாதிரி ஆகாது, அறிகுறிய மட்டும் மறைக்கும், அந்த யோசனைய விட்டுடுங்க.

இந்த காலத்து மெஷின்கள பத்தி நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், உலோகம் அவ்வளவு சுலபமா கெட்டுப்போறதில்ல, முதல்ல கெடறது ரப்பர். மெக்னீசியம் பாடி, கிராங்க், பேரிங், கனெக்டிங் ராடு எல்லாம் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். டயாஃப்ரம், பெட்ரோல் டியூப், இன்டேக் ரப்பர், கிராங்க் சீல் (கிராங்க் வெளிய வர்ற இடத்துல காத்து கசியாம தடுக்கற ரப்பர் வளையம்), கேஸ்கெட் இதெல்லாம் காஞ்சு கட்டியாகி வெடிச்சிருக்கும், ஓட்டாம வச்சிருந்தாலும் அது நடக்கும். இது எல்லாமே விலை கம்மியான சாமான். இத மாத்தாம ஓட்டிப் பாத்து பிஸ்டனையும் சிலிண்டரையும் இழந்தா, அதுதான் பல பழைய மாடல்களுக்கு இப்ப கிடைக்கறதே கஷ்டமான சாமான். அதனால மெஷின் ஸ்டார்ட் ஆகுதாங்கறது முதல் கேள்வியே இல்ல, பிஸ்டன் எப்படி இருக்குங்கறதுதான் முதல் கேள்வி.

அத பாக்க இஞ்சின பிரிக்க வேண்டாம். மஃப்ளர கழட்டுங்க, பெரும்பாலும் ரெண்டு போல்ட்தான், பல வருஷ கரியில இறுகியிருக்கும், பெனிட்ரேட்டிங் ஆயில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, அவசரப்பட்டு முறுக்கி மெக்னீசியத்துல மரைய உரிச்சுடாதீங்க. பிளக்கையும் கழட்டிட்டு, ஸ்டார்ட்டர் கயித்த ரொம்ப மெதுவா இழுத்துகிட்டே எக்ஸாஸ்ட் துவாரத்துல டார்ச் அடிச்சு பாருங்க. பிஸ்டனோட பக்கவாட்டு வெள்ளையா பளபளனு, படுக்கை வாட்டத்துல மெல்லிசா மெஷினிங் கோடுகள் தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, பிஸ்டன் நல்லா இருக்கு. மேலயும் கீழயுமா நெட்டுக்கு கீறல், மங்கலா சாம்பல் நிறத்துல இழுவின மாதிரி இருந்தா ஏற்கனவே ஒரு தடவை சூட்டுல உரசியிருக்கு. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல்னா பெட்ரோல் கம்மியா போயிருக்கு, அல்லது ஆயில் கம்மி. இன்டேக் பக்கம் மட்டும் தேய்மானம்னா ஏர் ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு. ரிங்க துவாரம் வழியா ஒரு மரக்குச்சியால லேசா அழுத்தி பாருங்க, ஸ்ப்ரிங் மாதிரி உள்ள போயி வெளிய வரணும், அசையவே இல்லன்னா கரியில ஒட்டிகிட்டு இருக்கு. துவாரத்துல கரி அடைஞ்சிருந்தா பிஸ்டன் துவாரத்த மூடியிருக்கற நிலைல வச்சுட்டு மரக்குச்சியாலயோ பிளாஸ்டிக்காலயோ சுரண்டுங்க, துகள் உள்ள விழாது.

அடுத்தது கம்ப்ரஷன். ட்ரிக்கர முழுசா அமுக்கி வச்சுகிட்டு கேஜ் முள் ஏறாம நிக்கற வரைக்கும் இழுங்க. 150 பி.எஸ்.ஐ பக்கம் வந்தா அருமை, பழைய மெஷினுக்கு 120 கூட தாராளமா வேல செய்யும், 100-க்கு கீழனா ரிங்கோ சிலிண்டரோ பாக்கணும். ஒரு விஷயம், கேஜோட வால்வு பிளக் ஓட்டைல மாட்டற முனையிலயே இருக்கணும், ஹோஸ்க்கு அந்தப்பக்கம் இருந்தா இவ்வளவு சின்ன சிலிண்டர்ல ரீடிங் கம்மியா காட்டும், நல்ல இஞ்சின கெட்டதுனு நினைச்சு பிரிச்சுடுவீங்க. ரொம்ப நாள் கிடந்த மெஷின்ல ரிங் காஞ்சு இருக்கும், ரெண்டு மூணு சொட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்க.

கீறல் இருந்தாலும் முடிஞ்சுதுனு இல்ல. பூச்சு போட்ட சிலிண்டர்னா, அதாவது குரோம் பூச்சோ நிக்காசில்ங்கற நிக்கல் கலவை பூச்சோ, பெரும்பாலும் பூச்சு நல்லாத்தான் இருக்கும், மேல ஒட்டியிருக்கறது பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியம். நிக்காசில்னா மட்டும் (குரோம இந்த ஆசிட் தின்னுடும்) ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ட பஞ்சுக்குச்சியில தொட்டு அந்த இழுவல் மேல மட்டும் வச்சா நுரைச்சுகிட்டு கரையும், நுரை நின்னா அங்க அலுமினியம் தீர்ந்துச்சு. திறந்த வெளியில, கையுறை கண்ணாடியோட செய்யணும், துவாரத்தோட ஓரங்கள்லயும் பூச்சு உரிஞ்ச இடத்துலயும் படவே கூடாது, அங்க அடியில இருக்கறதும் அலுமினியம்தான், அதையும் தின்னுடும். அப்புறம் நல்லா கழுவி, நைஸ் எமரியால குறுக்குக்கோடு வர்ற மாதிரி லேசா தேய்ச்சு, புது பிஸ்டன் ரிங் போட்டா போதும். பூச்சே உரிஞ்சு கிடந்தா வேற சிலிண்டர்தான்.

பிஸ்டன் நல்லா இருக்குனு வச்சுக்குவோம், உங்க மெஷின் ஸ்டார்ட் ஆகறத பாத்தா அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இனிமே வேல முழுக்க ரப்பர்லதான்.

கார்புரேட்டர். இதுல ஃப்ளோட் கிடையாது, மெஷின சாய்ச்சும் தலைகீழாவும் பிடிச்சு அறுக்கணும்ல, அதனால டயாஃப்ரம்தான் பெட்ரோல அளந்து விடுது. அந்த டயாஃப்ரம் துணி மாதிரி தொளதொளனு இருக்கணும். உங்களோடத கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு விரலால தட்டி பாருங்க, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி விறைப்பா சத்தம் வந்தா, ரேஸ் குடுத்தா நிக்கறதுக்கு காரணம் கையிலயே இருக்கு. ஸ்லோல கொஞ்சூண்டு பெட்ரோல் போதும், விறைச்ச டயாஃப்ரம் அதுக்கு சமாளிச்சுடும், ரேஸ் குடுக்கும்போது திடீர்னு ஜாஸ்தி கேக்கும், அப்ப அதால அசைய முடியாது. உங்க கார்புரேட்டர் மேல பொறிச்சிருக்கற நம்பர பாத்து அதுக்குண்டான முழு ரிப்பேர் கிட் வாங்குங்க. டில்லட்சன், வால்ப்ரோ, சாமா இந்த மூணு கார்புரேட்டர் கம்பெனிக்கும் கிட் இன்னும் வருது, மெஷின் கம்பெனி மூடியிருந்தாலும் கார்புரேட்டர் கிட் கிடைக்கறது இதனாலதான்.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கோங்க. பொதுவா பெட்ரோல் அளக்கற பக்கம் முதல்ல கேஸ்கெட் அப்புறம் டயாஃப்ரம், பம்ப் பக்கம் முதல்ல டயாஃப்ரம் அப்புறம் கேஸ்கெட், ஆனா பழைய மாடல்கள்ல அடுக்கு வேற மாதிரியும் இருக்கும், போட்டோ இருந்தா சண்டையே இல்ல. ஊசி வால்வ தூக்கற சின்ன லீவரோட உயரம் ரொம்ப முக்கியம், பல பழைய டில்லட்சன்கள்ல அது அந்த குழியோட தரைக்கு சமமா இருக்கணும், ஒரு ஸ்கேல குறுக்க வச்சு பாத்தா தெரியும். உயரமா இருந்தா பெட்ரோல் வழியும், தாழ்வா இருந்தா பட்டினி. உள்ள இருக்கற சல்லடையையும் மறக்காம பாருங்க, கண்ணுக்கு சுத்தமா தெரிஞ்சாலும் அரக்கு மாதிரி படிஞ்சிருக்கும். ஓட்டைகள்ல கம்பி விட்டு குத்தாதீங்க, கார்ப் கிளீனர் அடிச்சு காத்து ஊதினா போதும், கம்பி பட்டா ஓட்டை பெருசாகி எந்த டியூனிங்கும் நிக்காது.

பெட்ரோல் டியூப், டேங்க் ஃபில்டர், இன்டேக் ரப்பர் எல்லாத்தையும் பாக்காமலே மாத்திடுங்க. டியூப் வெளிய நல்லா இருக்கற மாதிரி தெரியும், டேங்க் ஓட்டைக்குள்ள நுழையற இடத்துல வளைச்சு பாத்தா வெடிப்பு தெரியும். டேங்க்ல ஒரு காத்து வால்வு இருக்கும், அது அடைச்சா சில நிமிஷம் ஓடி நிக்கும், மூடிய லூஸ் பண்ணினா உஸ்னு சத்தம் வந்து திரும்ப ஓடும், இத கார்புரேட்டர் கோளாறுனு நினைச்சு ரெண்டு மூணு கிட் மாத்தினவங்க இருக்காங்க.

இப்ப கிராங்க் சீல். உங்க மெஷின் தானா எகிறினதுக்கு என் சந்தேகம் இங்கயும் இன்டேக் ரப்பர்லயும்தான். ஒரு பக்க சீல் ஃப்ளைவீலுக்கு பின்னாடி, இன்னொண்ணு கிளட்ச்சுக்கு பின்னாடி. டெஸ்ட் பண்ண எக்ஸாஸ்டயும் இன்டேக்கையும் ரப்பர் ஷீட் வச்சு அடைச்சுட்டு, பிளக் ஓட்டை வழியா கைப்பம்புல அரை பார், அதாவது 7 பி.எஸ்.ஐ, காத்து ஏத்தி நிக்குதானு பாக்கணும், இறங்குச்சுனா சோப்பு தண்ணி தடவினா குமிழி காட்டிக்குடுக்கும். அதோட விட்டுடாதீங்க, வேக்கும் டெஸ்டும், அதாவது உள்ள இருக்கற காத்த உறிஞ்சி பாக்கறதும், பண்ணணும். சீலோட உதடு உள்பக்கம் பாத்து இருக்கறதால உள்ள அழுத்தம் ஏறினா அது இன்னும் இறுக்கமா அமுங்கும், தேய்ஞ்ச சீல் கூட பாஸ் ஆயிடும், உறிஞ்சும்போதுதான் அதோட உண்மை நிலை தெரியும். ரெண்டுலயும் முள் அசையாம நிக்கற வரைக்கும் நான் எந்த பழைய மெஷினையும் ஸ்டார்ட் பண்றதில்ல.

கிளட்ச் கழட்டும்போது கவனம், பெரும்பாலும் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழலும். பிஸ்டன் சுத்தாம நிறுத்த பிளக் ஓட்டை வழியா ஸ்டார்ட்டர் கயிறு ஒரு துண்ட நுழைச்சுக்கோங்க, பிஸ்டன் எக்ஸாஸ்ட் துவாரத்த தாண்டி மேல வந்த பிறகுதான் நுழைக்கணும், இல்லன்னா கயிறு துவாரத்துல மாட்டி வெட்டுப்படும். ஸ்க்ரூடிரைவர விட்டு நிறுத்தறது, இம்பாக்ட் கன் போட்டு அடிக்கறது ரெண்டும் வேண்டாம். கிளட்ச் ஸ்ப்ரிங் தொய்ஞ்சிருந்தா மாத்துங்க, ஸ்லோல செயின் சுத்தறதுக்கு அதுதான் அடிக்கடி காரணம், டிரம்முக்குள்ள இருக்கற ஊசி பேரிங்குக்கு கொஞ்சம் கிரீஸ்.

ஃப்ளைவீல கழட்டினதும் பாயிண்ட்ஸையும் சேர்த்து முடிச்சுடுங்க, பெரும்பாலும் அது அங்கதான் ஒளிஞ்சுகிட்டு இருக்கும். ஃப்ளைவீல் எடுக்க புல்லர் போடுங்க, ஸ்க்ரூடிரைவரால நெம்பினா இறக்கை உடையும், அந்த ஒரு இறக்கை போனாலே பேலன்ஸ் போச்சு. பாயிண்ட்ஸ் முனை ரெண்டும் சும்மா கிடந்தே சாம்பல் பூத்திருக்கும், நைஸ் எமரிய ரெண்டு தடவை இழுத்துட்டு, கடைசியா ஸ்பிரிட்ல நனைச்ச வெள்ளை அட்டைத்துண்ட நடுவுல வச்சு இழுங்க, அட்டை கறை இல்லாம வர்ற வரைக்கும். எமரி துகளோ எண்ணெய்ப்பசையோ ஒரு துளி இருந்தாலும் ஸ்பார்க் வராது. இடைவெளி பெரும்பாலும் 0.35-லிருந்து 0.4 மி.மீ, உங்க மாடலோட மேனுவல்ல போட்டிருக்கறதுதான் கடைசி வார்த்தை. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல கால் மி.மீ அளவு, ஒரு விசிட்டிங் கார்டு வச்சு டைட் பண்ணினா சரியா வரும். பாயிண்ட்ஸ்ல பொறி பலமா பறந்தா கண்டென்சர் போயிருக்கு. ஃப்ளைவீல் சாவி, அந்த அரைவட்ட சின்ன துண்டு, பாதி வெட்டுப்பட்டிருந்தா டைமிங் தள்ளிப்போகும், ஸ்பார்க் இருந்தும் ஸ்டார்ட் ஆகாது இல்ல கயிற பிடுங்கும். பாயிண்ட்ஸே கிடைக்காதுனா அதுக்கு பதிலா வைக்கற எலக்ட்ரானிக் மாட்யூல் நிறைய காயிலோட ஒத்துப்போகும்.

எல்லாம் மாட்டினதும் பெட்ரோல் கலவை. பழைய மேனுவல்ல 16-க்கு 1, 20-க்கு 1 எல்லாம் போட்டிருப்பாங்க, அது அந்த காலத்து சாதா மினரல் ஆயிலுக்கு எழுதினது. ஜாசோ எஃப்டி (ஜப்பான் ஆயில் தர அளவு) தரத்துல இருக்கற இப்போதைய டூ-ஸ்ட்ரோக் ஆயில்னா அவ்வளவு வேண்டாம், கரி பிடிச்சு பிளக் நனையறதுதான் மிச்சம். பழைய மெஷினுக்கு 32-க்கு 1-ல இருந்து 40-க்கு 1 வரைக்கும் நான் போடுவேன், அதாவது லிட்டருக்கு 31-லிருந்து 25 மில்லி. 50-க்கு 1-லயும் ஓட்டறவங்க இருக்காங்க, எனக்கு மனசு வராது. கலவைய மாத்தினா டியூனிங்கையும் மாத்தணும்ங்கறத மறக்காதீங்க, ஆயில் ஜாஸ்தி ஆனா அதே ஸ்க்ரூல பெட்ரோல் கம்மியாத்தான் போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணிய இழுக்கும், பழைய ரப்பர கெடுக்கும், எத்தனால் இல்லாதது கிடைச்சா அதுதான். கலந்து வச்சத ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்காதீங்க.

டியூனிங் காதாலதான். கார்புரேட்டர்ல இருக்கற எல் (ஸ்லோவுக்கு), ஹெச் (ஃபுல் ரேஸுக்கு) ரெண்டு ஸ்க்ரூவும் மெதுவா முழுசா மூடிட்டு, இறுக்காம, ஒரு சுத்து திறங்க, அதுதான் தொடக்கம். இஞ்சின் சூடானதும் எல்ல சரி பண்ணி ரேஸ் குடுத்தா தயங்காம ஏறணும். ஹெச்ச பொறுத்தவரைக்கும், மரத்துல வைக்காம ஃபுல் ரேஸ் குடுத்தா சத்தம் சுத்தமா ஒரே கீச்சா இருக்கக்கூடாது, நடுநடுவுல தடதடனு உடையற மாதிரி கேக்கணும், மரத்துல வச்சு அழுத்தினதும் அந்த தடதடப்பு மறைஞ்சு சத்தம் கூர்மையாகணும், மரத்துல இருந்து எடுத்ததும் திரும்ப வரணும். அந்த தடதடப்புதான் பெட்ரோல் போதுமான அளவு போகுதுங்கறதுக்கு சாட்சி. சும்மா ஓடும்போதே கீச்சுனு அழகா பாடினா ஹெச்ச உடனே திறங்க. நவீன மெஷின் மாதிரி 13,000 ஆர்பிஎம்ல கத்தணும்னு எதிர்பாக்காதீங்க, இது குறைஞ்ச வேகத்துல இழுவையோட அறுக்கற மெஷின். கடைசியா ஸ்லோல ஓடவிட்டு மெஷின நாலு பக்கமும் சாய்ச்சு பாருங்க, ஒரு பக்கம் சாய்க்கும்போது வேகம் ஏறுச்சுனா ஏதோ ஒரு சீல் இன்னும் கசியுது.

இஞ்சின் இவ்வளவு நல்லா ஆனாலும் செயின் மொட்டைனா பிரயோஜனம் இல்ல. மரத்தூள் மாவா வந்தா மொட்டை, செதில் செதிலா வந்தா கூர்மை. முதல்ல செயினோட பிட்ச், அதாவது இஞ்ச் கணக்குல கண்ணி இடைவெளி, என்னனு பாத்து அரம் வாங்குங்க, .325-க்கு 4.8 மி.மீ, 3/8-க்கு பெரும்பாலும் 5.5 அல்லது 5.2, .404-க்கு 5.5. அரத்த முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்ப இழுக்கும்போது தூக்கிடுங்க, கோணம் 30 டிகிரி பக்கம், பல்லு எல்லாம் ஒரே நீளம். இன்னைக்கு நாம தீட்டற இந்த வளைஞ்ச பல்லு அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரவெட்டி 1946-ல மரத்த குடையற வண்டுப்புழு இடமும் வலமுமா கடிக்கறத பாத்து யோசிச்சது, அதனாலதான் செயின்ல பல்லு இடது வலதுனு மாறி மாறி வருது. ஒரு பக்க பல்லு குட்டையானா வெட்டு கோணிக்கிட்டு போகும், எல்லாம் சமமா இருந்தும் கோணுச்சுனா பார், அதாவது செயின் சுத்தி ஓடற நீளத்தட்டு, அதோட ஓரம் தேய்ஞ்சிருக்கு, அத தட்டையா ராவி, அடிக்கடி பார திருப்பிப் போடுங்க.

பழசுல நிறைய மெஷின்ல செயினுக்கு போற ஆயில கட்டைவிரலால அமுக்கி விடறது, உங்களோடதுலயும் அந்த பட்டன் இருந்தா அறுக்கும்போது நினைச்சு நினைச்சு அமுக்கணும். ஒரு அட்டைக்கு நேரா பார் முனைய காட்டி ரேஸ் குடுத்தா எண்ணெய் கோடு தெறிக்கணும். பழைய இஞ்சின் ஆயில ஊத்தாதீங்க, அதுல இரும்புத்துகள் இருக்கு, உங்க மேலயும் தெறிக்கும், உடம்புக்கு கெடுதல்.

இத கடைசிக்கு தள்ளிட்டேன்னு சின்ன விஷயமா நினைக்காதீங்க: செயின் பிரேக் 1970-களோட தொடக்கத்துலதான் மெதுவா வர ஆரம்பிச்சுது, உங்க மெஷின்ல முன்னாடி கைக்கு தடுப்பே இல்லாம வெறும் கைப்பிடி மட்டும் இருக்கலாம். பார் முனையோட மேல்பாதி எதுலயாவது பட்டா மெஷின் உங்க முகத்துக்கு எகிறும், பிரேக் இருக்கற மெஷின் அப்ப செயின நிறுத்தும், இது நிறுத்தாது. அதனால இத தரையில கிடக்கற கட்டைய துண்டு போடறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க, மரம் சாய்க்க, ஏணி மேல, தோளுக்கு மேல தூக்கி அறுக்க இது வேண்டவே வேண்டாம். வெட்டு தாங்கற பேன்ட், பூட்ஸ், முகத்துக்கு வலை, காதுக்கு மஃப் நாலும் இல்லாம கயித்த தொடாதீங்க. அதிர்வு தாங்கற ரப்பர் இல்லாத மெஷின்னா அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க, வருஷக்கணக்குல அந்த அதிர்வு வாங்கினவங்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போற நோய் வந்திருக்கு.

வேல முடிச்சு வைக்கும்போது செயின கொஞ்சம் லூஸ் பண்ணிடுங்க, சூடு ஆறும்போது சுருங்கி கிராங்க இழுக்கும். மாசக்கணக்குல வைக்கப்போறீங்கனா டேங்க காலி பண்ணிட்டு ஸ்லோல ஓடவிட்டு தானா நிக்கட்டும், ரேஸ்ல வச்சு தீர்க்காதீங்க, கடைசி சில நொடி பெட்ரோல் குறையும்போது அது காய்ஞ்சு ஓடும். பிளக் ஓட்டைல கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ரெண்டு தடவை மெதுவா இழுத்து, பிஸ்டன் எக்ஸாஸ்ட மூடற நிலைல நிறுத்தி வைங்க, ஈரமும் பூச்சியும் உள்ள போகாது.